ஒரு முழ வயரில் ஒரு மாதச் சம்பளம்
(இளைஞர் தொழிற் பாடம்: ஒட்சிசன் சென்சரின் வயரை நீட்டுவது எப்படி?)



நமது தோட்டங்களில் இருந்து பல பிள்ளைகள் அட்டன், நுவரெலியா, கண்டி, கொழும்பு என்று கராஜ் வேலைக்குப் போகிறார்கள். முதல் வருஷம் டயர் கழற்றுவது, கிரீஸ் துடைப்பது என்று போகும். பிறகுதான் ஸ்பானர் கைக்கு வரும். வயர் வேலை அதற்கும் பிறகு. அந்த வயர் வேலையில்தான் நமது பையன்கள் அதிகமாகத் தடுக்கி விழுகிறார்கள். காரணம் கெட்டித்தனம் இல்லாமை அல்ல. சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாமையே.

போன மழைக் காலத்தில் ஒரு தாய் நமது நலன்புரி அலுவலகத்துக்கு வந்தார். கொழுந்து எடுக்கும் பெண். கூடையைக்கூட இறக்கி வைக்காமல் வாசலில் நின்று, "ஐயா, எம் மகன் கராஜுக்கு இனிமே போக மாட்டேங்கிறான். நீங்கதான் ஒரு வார்த்தை பேசணும்" என்றார். மகனைக் கூப்பிட்டு உட்கார வைத்தோம். பத்தொன்பது வயது. முதலில் பேசவே இல்லை. ஒரு பிளேன்டீ குடித்த பிறகு விஷயம் வெளியே வந்தது.

கராஜுக்கு ஒரு கார் வந்திருக்கிறது. சொந்தக்காரர் பழைய புகைக்குழாயைக் கழற்றிவிட்டு, "ஹெடர்" என்று சொல்கிற நீண்ட குழாயைப் பூட்டச் சொல்லியிருக்கிறார். புதிய குழாயில் சென்சர் பூட்டும் துளை பழைய இடத்தில் இருந்து ஒரு முழம் கீழே தள்ளி இருந்திருக்கிறது. சென்சரின் வயர் எட்டவில்லை. பாஸ் வேறு வேலையாக இருந்ததால் இந்தத் தம்பியிடம், "வயரை நீட்டிப் போட்டுடு" என்று சொல்லிப் போயிருக்கிறார். தம்பியும் சென்சருக்குப் பக்கத்திலேயே வயரை வெட்டி, முறுக்கி, ஈயம் வைத்து, கறுப்பு டேப் சுற்றிக் கொடுத்துவிட்டார்.

இரண்டு கிழமையில் கார் திரும்பி வந்தது. டாஷ்போர்டில் என்ஜின் விளக்கு எரிகிறது, கறுப்புப் புகை, பெற்றோல் தண்ணீராகப் போகிறது. புதுச் சென்சர் வாங்கிப் போட்டார்கள். அந்தக் காசு தம்பியின் சம்பளத்தில் கழிந்தது. அந்த மாதம் வீட்டுக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சவில்லை. தாய் தோட்டை அடகு வைத்துக் கடைக் கடனைக் கட்டியிருக்கிறார்.

"ஈயம் வச்சா உறுதியா இருக்கும்னுதான் ஐயா நெனச்சேன். நான் செஞ்சதுல என்ன பிழைன்னு இன்னும் யாரும் சொல்லல்ல" என்றார் தம்பி.

கடைசியாகச் சொன்ன அந்த வார்த்தை நம்மை உறுத்தியது. காசு போனதைவிட, என்ன பிழை என்று தெரியாமல் இருப்பதுதான் பெரிய நட்டம். ஆகவே அனுபவமுள்ள ஒரு மோட்டார் மின் வேலைக்காரரை அழைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசகசாலையில் வகுப்பு வைத்தோம். அதில் நாம் படித்ததை இங்கே பாடமாகத் தருகிறோம். கராஜில் பிள்ளை உள்ள வீட்டார் இந்தப் பக்கத்தை வெட்டி அனுப்பி வையுங்கள்.

1. இந்தச் சென்சர் என்ன செய்கிறது?

லயத்தில் அடுப்பு எரிப்பதை நினைத்துப் பாருங்கள். விறகு அதிகம், காற்று குறைவு என்றால் கறுப்புப் புகை வரும், விறகு வீணாகும். காற்று அதிகம், விறகு குறைவு என்றால் அடுப்பு சரியாகச் சூடு பிடிக்காது. என்ஜினும் அப்படித்தான். ஒரு கிராம் பெற்றோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும்.

இந்த அளவு சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நமது தொழிற்சாலையில் டீமேக்கர் டிரையரில் இருந்து வரும் தூளை மோந்து பார்த்துச் சூட்டைக் கூட்டிக் குறைப்பார் அல்லவா? காரில் அந்த மூக்குத்தான் ஒட்சிசன் சென்சர். எரிந்து வெளியேறும் புகையில் எவ்வளவு ஒட்சிசன் மிச்சம் இருக்கிறது என்று அது பார்த்துச் சொல்லும். அதைக் கேட்டு, இ.சி.யு. என்னும் கணினிப் பெட்டி பெற்றோலைக் கூட்டும் அல்லது குறைக்கும். ஜேர்மனியின் பொஷ் கம்பனி செய்த இந்தச் சென்சர் 1976 இல் சுவீடன் நாட்டு வொல்வோ கார்களில் முதலில் பூட்டப்பட்டது. இன்று பெற்றோலில் ஓடும் எல்லா நவீன கார்களிலும் இது உண்டு.

சென்சரின் நுனியில் சேர்க்கோனியா என்னும் ஒருவகைப் பீங்கான் இருக்கிறது. அதன் வெளிப் பக்கம் புகை படும். உட்பக்கம் சாதாரண வெளிக்காற்று இருக்கும். இரண்டு பக்கத்திலும் உள்ள ஒட்சிசன் வித்தியாசத்துக்கு ஏற்ப அது சிறு மின்சாரத்தை உண்டாக்கும்.

பெற்றோல் அதிகம் என்றால்: சுமார் 0.8 முதல் 0.9 வோல்ற்.
காற்று அதிகம் என்றால்: சுமார் 0.1 வோல்ற்.
சரியான கலவையில்: சுமார் 0.45 வோல்ற்.

ஒரு டோர்ச் பற்றரி 1.5 வோல்ற். அதைவிடவும் சிறிய மின்சாரத்தை வைத்துத்தான் ஒரு என்ஜினின் முழுச் செலவும் தீர்மானமாகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால், வயரில் ஏன் இவ்வளவு கவனம் என்று விளங்கும்.

இன்னொன்று. இந்தப் பீங்கான் 300 பாகை செல்சியசுக்கு மேல் சூடானால்தான் ஒழுங்காக வேலை செய்யும். அதற்காகவே உள்ளே ஒரு சிறு ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். ஆகவே சாதாரண நான்கு வயர்ச் சென்சரில் இரண்டு வயர் ஹீட்டருக்கு, ஒன்று சிக்னலுக்கு, ஒன்று சிக்னலின் ஏர்த்துக்கு.

2. தம்பி செய்ததில் பிழை என்ன?

மூன்று பிழைகள்.

முதலாவது, சென்சரோடு சேர்ந்து வருகிற வயரை வெட்டியது. சென்சரின் உட்பக்கத்தில் வெளிக்காற்று இருக்க வேண்டும் என்று சொன்னோம். அந்தக் காற்று எந்த வழியாக உள்ளே போகிறது? பல சென்சர்களில் அது வயரின் வழியாகத்தான் போகிறது. றப்பர் உறைக்குள் இருக்கும் மெல்லிய கம்பி இழைகளுக்கு நடுவே உள்ள சிறு இடைவெளிதான் அந்தப் பாதை. சென்சர் மூச்சு விடுவதே அந்த வழியால்.

இரண்டாவது, ஈயம் வைத்தது. உருகிய ஈயம் இழைகளுக்கு நடுவே ஊறிப் போய் அந்தப் பாதையை அடைத்துவிடும். அடைத்தால் என்ன ஆகும்? உள்ளே ஒட்சிசன் குறையும். உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் குறையும். வோல்ற் இறங்கும். வோல்ற் இறங்கினால் இ.சி.யு. "காற்று அதிகம், பெற்றோல் போதாது" என்று நினைத்து மேலும் மேலும் பெற்றோலை ஊற்றும். கறுப்புப் புகையும் பெற்றோல் செலவும் வந்தது இதனால்தான். அதோடு, ஈயம் வைத்த இடத்தில் வயர் வளையாமல் விறைத்துப்போகும். என்ஜின் அதிர்வில் அந்த விறைப்பு முடியும் இடத்தில் இழைகள் அறுந்துவிடும்.

மூன்றாவது, கறுப்பு டேப். புகைக்குழாய்ச் சூட்டில் டேப்பின் பசை உருகி அவிழ்ந்துவிடும். பிறகு மழைத் தண்ணீர் போகும், செம்பு பச்சை பூக்கும். வயர் குழாயில் பட்டால் உருகி, ஒன்றோடு ஒன்று உரசிக்கொள்ளும்.

இதைச் சொன்னதும் தம்பி, "அப்ப ஈயம் வைக்கிறதே பிழையா ஐயா?" என்று வகுப்பில் கேட்டார். பாஸ் சொன்ன பதில்: "தம்பி, ரேடியோவுக்கு ஈயம் நல்லது. இதுக்கு ஆகாது. வேலை எதுன்னு பார்த்துத்தான் ஆயுதத்தை எடுக்கணும். கவ்வாத்துக் கத்தியால கொழுந்து எடுக்கலாமா?"

3. நீளம் கூடினால் சிக்னல் குறையாதா?

இந்தப் பயம் பலருக்கு உண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 0.5 சதுர மில்லிமீற்றர் செம்பு வயர் ஒரு மீற்றருக்கு ஏறக்குறைய 0.034 ஓம் தடை தரும். நாம் 40 சென்ரிமீற்றர் நீட்டினால், போக வர 80 சென்ரிமீற்றர். தடை சுமார் 0.027 ஓம். ஹீட்டரில் 1.5 அம்பியர் ஓடினாலும் குறைவது 0.04 வோல்ற்தான். 12 வோல்ற்றில் இது ஒன்றுமே இல்லை. சிக்னல் வயரில் ஓடுவது மிக மிகச் சொற்பமான மின்சாரம் என்பதால் அங்கே குறைவு தெரியவே தெரியாது.

ஆனால் இணைப்பு ஒன்று துருப்பிடித்து 1 ஓம் தடை தந்தால், ஹீட்டரில் ஏறக்குறைய 1.5 வோல்ற் அங்கேயே வீணாகிவிடும். ஆகவே வயர் நீளுவதற்குப் பயப்பட வேண்டாம். மோசமான இணைப்புக்குத்தான் பயப்பட வேண்டும்.

4. சரியான முறை

சென்சரின் வயரை வெட்டவே வேண்டாம். காரின் வயரையும் வெட்ட வேண்டாம். நடுவே ஒரு நீட்டு வயர் செய்து செருகுங்கள். ஒரு முனையில் சென்சரின் பிளக் பொருந்தும் சொக்கட். மறு முனையில் கார்ப் பக்கச் சொக்கட்டில் பொருந்தும் பிளக். ஆயத்தமாகச் செய்த நீட்டு வயர்கள் கடையிலும் கிடைக்கும். இல்லாவிட்டால், பழைய உதிரிப்பாகக் கடையில் அதே மாதிரி வாகனத்தின் பிளக்கையும் சொக்கட்டையும் வயரோடு வாங்கி நாமே செய்யலாம். பிளக்கின் தண்ணீர் புகாத றப்பர் வளையம் கிழியாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

செய்யும் ஒழுங்கு:

(அ) என்ஜின் நன்றாக ஆறும்வரை காத்திருங்கள். பற்றரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். காருக்குக் கீழே போவதானால் ஜாக்கை மட்டும் நம்ப வேண்டாம், ஸ்டாண்ட் வைத்துப் போங்கள்.

(ஆ) கொப்பியில் படம் வரையுங்கள். பிளக்கின் எந்தத் துளைக்கு எந்த நிற வயர் போகிறது என்று எழுதி வையுங்கள். ஞாபகத்தை நம்ப வேண்டாம்.

(இ) பழைய வயரின் தடிப்புக்குக் குறையாத, சூடு தாங்கும் செம்பு வயரை எடுங்கள். வீட்டு பல்புக்கு இழுக்கும் வயர் இதற்கு ஆகாது.

(ஈ) நான்கு இணைப்பும் ஒரே இடத்தில் வராதபடி, இரண்டு மூன்று சென்ரிமீற்றர் முன்பின்னாக வெட்டுங்கள். ஒரே இடத்தில் வந்தால் மொத்தமாகும், ஒன்றோடு ஒன்று உரசவும் இடமாகும்.

(உ) சூடு காட்டினால் சுருங்கும் குழாயை முதலில் வயரில் கோத்துக்கொள்ளுங்கள். பிறகு ஞாபகம் வந்து பயனில்லை. உட்பக்கம் பசை உள்ள வகையே நல்லது.

(ஊ) உறையைச் சீவும்போது ஓர் இழைகூட அறுபடக் கூடாது. கிரிம்ப் குழாயில் இரண்டு முனைகளையும் விட்டு, கிரிம்ப் குறடால் அழுத்துங்கள். சாதாரண குறடால் நசுக்குவது கிரிம்ப் ஆகாது. பிறகு கையால் இழுத்துப் பாருங்கள். கழன்று வந்தால் நல்லதே, ரோட்டில் கழலாமல் உங்கள் கையில் கழன்றது. திரும்பச் செய்யுங்கள்.

(எ) குழாயை இணைப்பின் மேல் இழுத்துச் சூடு காட்டுங்கள். பிறகு முழு வயருக்கும் கண்ணாடி நார் உறை போடுங்கள்.

(ஏ) காரில் பூட்டுவதற்கு முன் மீற்றரால் பாருங்கள். ஒவ்வொரு வயரும் முனைக்கு முனை தொடர்பு காட்ட வேண்டும். ஒரு வயருக்கும் மற்ற வயருக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. ஆட்டிப் பார்க்கும்போதும் மீற்றர் மாறக் கூடாது.

(ஐ) வயரைப் புகைக்குழாயில் இருந்தும், ஸ்பார்க் பிளக் வயர்களில் இருந்தும் தள்ளிக் கொண்டுபோய்க் கட்டுங்கள். ஸ்பார்க் வயர் பக்கத்தில் போனால் சிறு சிக்னலில் இரைச்சல் ஏறும். என்ஜின் ஆடும், ஆகவே கொஞ்சம் தளர்வு விடுங்கள்.

பிளக்கின் உள்ளே கிரீஸும் பூச வேண்டாம், கிளீனரும் அடிக்க வேண்டாம். அதுவும் மூச்சு வழிக்குக் கெடுதல்.

5. நிறத்தை மட்டும் நம்பாதீர்கள்

இதுதான் வகுப்பில் எல்லோரையும் திடுக்கிட வைத்த இடம். பொஷ் வகை நான்கு வயர்ச் சென்சரில் வெள்ளை இரண்டும் ஹீட்டர், கறுப்பு சிக்னல், சாம்பல் ஏர்த். டொயோட்டா கார்களில் வரும் டென்சோ வகையில் கறுப்பு இரண்டும் ஹீட்டர், நீலம் சிக்னல், வெள்ளை ஏர்த். அதாவது ஒன்றில் சிக்னலாக இருக்கும் கறுப்பு, மற்றதில் ஹீட்டர்! ஆளை மாற்றிப் பூட்டினால் ஒரு வோல்ற் வர வேண்டிய வழியில் 12 வோல்ற் போய்விடும். சென்சர் போகும், இ.சி.யு.வும் போகலாம். அந்தப் பெட்டியின் விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

இரண்டு வகைக்கும் பொதுவான அடையாளம் ஒன்று உண்டு. ஒரே நிறத்தில் இரண்டு வயர் இருந்தால் அதுதான் ஹீட்டர். பிளக்கைக் கழற்றி, ஆறிய சென்சரில் அந்த இரண்டுக்கும் நடுவே ஓம் பார்த்தால் சில ஓம் முதல் பதினைந்து ஓம் அளவில் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் ஹீட்டர் அறுந்திருக்கிறது. அந்த வாகனத்துக்குரிய சரியான அளவைச் சேவைப் புத்தகத்தில் பாருங்கள்.

ஐந்து, ஆறு வயர் உள்ள "வைட்பேன்ட்" சென்சரும் இருக்கிறது. அதில் சில வகைகளின் பிளக்குக்குள்ளேயே, அந்தச் சென்சருக்கென்று அளவு பார்த்து வைத்த சிறு தடை ஒன்று இருக்கும். அந்தப் பிளக்கை வெட்டினால் கணக்கே பிழைத்துப்போகும். அதைத் தொடாதீர்கள், பாஸிடம் கொடுங்கள்.

6. பூட்டும்போதும் பிறகும்

சென்சரை நேராகக் கிடையில் பூட்டக் கூடாது. நுனி கீழ் நோக்கி, கிடைமட்டத்தில் இருந்து குறைந்தது 10 பாகையாவது சரிவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குளிர் காலையில் குழாயில் தேங்கும் தண்ணீர் பட்டு, சூடான பீங்கான் வெடிக்கும். நமது மலைக் குளிருக்கு இது முக்கியம். மரைக்கு மட்டும் அதற்குரிய பசையைப் பூசுங்கள், நுனியில் படக் கூடாது. சாதாரண சிலிக்கன் பசையைப் புகைக்குழாய் மூட்டுகளில் அப்ப வேண்டாம். அதன் ஆவி சென்சரைக் கெடுக்கும். சென்சருக்கு முன்னால் குழாய் மூட்டில் ஒழுக்கு இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுபட்டு, சென்சர் பொய் சொல்லும். வயரைக் குறை சொல்வதற்கு முன் அதையும் பாருங்கள்.

பிறகு என்ஜினை நன்றாகச் சூடாக்கி, டிஜிட்டல் மீற்றரைச் சிக்னலிலும் ஏர்த்திலும் வையுங்கள். நான்கு வயர் வகையில் 0.1 க்கும் 0.9 க்கும் நடுவே மாறி மாறி ஆட வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் எங்கோ பிழை. டெஸ்ட் லாம்பைச் சிக்னல் வயரில் ஒருபோதும் வைக்காதீர்கள்.

உயிருக்குரிய ஓர் எச்சரிக்கை. குளிர் என்று கராஜ் கதவை மூடிக்கொண்டு என்ஜினை ஓட விடாதீர்கள். புகையில் உள்ள காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலி, மயக்கம் என்று வந்து ஆளையே கொண்டுபோய்விடும்.

7. பெற்றோருக்கு ஒரு வார்த்தை

"இந்த ஒரு வயருக்கு இவ்வளவு பாடமா?" என்று கேட்பீர்கள். பெற்றோல் கணக்கைவிட இதில் இன்னொன்றும் இருக்கிறது. இலங்கையில் 2008 இல் தொடங்கிய வாகனப் புகைப் பரிசோதனையில் தேறாத வாகனத்துக்கு வருடாந்த அனுமதிப்பத்திரம் கிடைக்காது. பிழையான சென்சரால் மிதமிஞ்சி ஊற்றிய பெற்றோல், புகைக்குழாயில் உள்ள கெட்டலிட்டிக் கொன்வேட்டரையும் சூடேற்றிக் கெடுக்கும். அது சென்சரைவிடப் பல மடங்கு விலை. ஆகவே இதைச் சரியாகச் செய்யத் தெரிந்த பையனை எந்தக் கராஜும் விடாது.

கராஜில் கைப்பழக்கமாகப் படித்தவர்களும் தேசியத் தொழிற்தகைமை, அதாவது என்.வி.கியு. சான்றிதழ் பெற வழி உண்டு. முன் அனுபவத்தைச் சோதித்துச் சான்றிதழ் தரும் முறை அதில் இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகாரசபை நிலையங்களிலும், நைட்டா அலுவலகத்திலும் விசாரிக்கலாம். பெண் பிள்ளைகளும் கேட்கலாம். கிரிம்ப் குறடு ஆண் பெண் பார்ப்பதில்லை.

இந்தப் பாடத்தை வைத்து லயக் காம்பராவின் மின்சார வயரில் யாரும் கை வைக்க வேண்டாம். அது 230 வோல்ற், ஆளைக் கொல்லும். ஆனால் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு உங்கள் காம்பராவின் கூரைக்குக் கீழே இருக்கிறதா? இருந்தால் தோட்ட அலுவலகத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள், அனுமதி பெற்ற மின் வேலைக்காரரைக் கொண்டு மாற்றச் சொல்லுங்கள்.

அந்தத் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வகுப்பு முடிந்ததும் கொப்பியை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை அதே கராஜுக்குப் போனார். பாஸிடம் தான் செய்த மூன்று பிழைகளையும் தானே வரிசையாகச் சொல்லியிருக்கிறார். பாஸ் கொஞ்ச நேரம் பேசவில்லையாம். பிறகு, "எனக்கும் அந்தக் காத்து வழி விஷயம் தெரியாது தம்பி. நான் பக்கத்துல நின்னு பார்த்திருக்கணும்" என்று சொல்லி, ஒரு கிரிம்ப் குறடு வாங்கி மேசையில் வைத்தாராம். கழித்த காசு திரும்பி வரவில்லை. அம்மாவின் தோடு இன்னும் அடகில்தான் இருக்கிறது. தீபாவளிக்குள் மீட்டுவிடுவதாகத் தம்பி சொல்கிறார். மீட்பார் என்றே நாமும் நம்புகிறோம்.

தெரியாததைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். கேட்டுச் செய்தால் ஒரு நாள் பிந்தும். கேட்காமல் செய்தால் ஒரு மாதச் சம்பளம் போகும்.

பயிற்சிக் கேள்விகள் (வீட்டில் சேர்ந்து பேசிப் பாருங்கள்)

1. சென்சரின் வயரில் ஈயம் வைத்தால் பெற்றோல் செலவு ஏன் கூடுகிறது? படிப்படியாகச் சொல்லுங்கள்.
2. ஒரு சென்சரில் இரண்டு வெள்ளை, ஒரு கறுப்பு, ஒரு சாம்பல் வயர். ஹீட்டர் எது?
3. வயரை 40 சென்ரிமீற்றர் நீட்டுவதற்குப் பதிலாக 80 சென்ரிமீற்றர் நீட்டினால் ஹீட்டரில் எவ்வளவு வோல்ற் குறையும்?
4. புதிய நீட்டு வயரைக் காரில் பூட்டுவதற்கு முன் மீற்றரால் பார்க்க வேண்டியவை எவை?

விடைகளை எழுதி அலுவலகப் பெட்டியில் போடுங்கள். பிழையாக இருந்தாலும் பரவாயில்லை. கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லித் தருவோம்.